கடைசிப் பேருந்து நாலு நாற்பதுக்கு

கல்லறைத் தோட்டக் காவல் வீடு,
தெற்கு லண்டன்.
14 செப்டம்பர் 1974

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

நலம்தானே? உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாததால் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. என் முழங்கால் வழக்கம்போல மழையை ஒரு நாள் முன்னதாகச் சொல்கிறது, மற்றபடி நலம்.

நகராட்சியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வில்ஃபிரட் போய் ஆறு மாதம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் புதிய கண்காணிப்பாளரை நியமித்துவிட்டார்களாம். வீடு வேலையோடு சேர்ந்தது. மார்ச் இருபத்தைந்துக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 'தங்கள் கணவரின் நெடுங்காலச் சேவையை' என்று தொடங்கும் கடிதம் எப்படி முடியும் என்பது உனக்குத் தெரியும்.

இனி நாம் இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அடக்கத்தன்று நீ சொன்னாய். அதை நான் ஆறுதல் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ ஆறுதல் சொல்லிப் பழகியவள் அல்ல.

எங்கே என்பதுதான் கேள்வி. சமையலறையில் கரிக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. மாதத்துக்கு ஒரு கிராமம். எல்லாம் உன் பக்கத்து ஊர்கள். தேன் நிறக் கல் வீடுகள், வைக்கோல் கூரை, வாசலில் ரோஜா, நடுவே ஓடை, ஓடையில் வாத்து. சிரிக்காதே. நாற்பத்தொரு வருடமாகப் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக நான் பார்த்தது கல்லறைகளின் முதுகை. மீதிக் காலத்துக்கு ஒரு ரோஜாவைப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஏப்ரல், ஜூன் படங்களை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். டிசம்பர் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குளோஸ்டரிலிருந்து பேருந்து போகும் என்றால் ஒரு நடை பார்த்துவிட்டு எழுதுவாயா?

உன் அன்புத் தங்கை,
மேவிஸ்


குளோஸ்டர்,
23 செப்டம்பர் 1974

அன்புள்ள மேவிஸுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். இருமல், வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல, கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கரி விற்பவன் அச்சடித்த ஆவணத்தை ஆதாரமாக வைத்து ஒருத்தி தன் முதுமையைத் தீர்மானிப்பது இந்த நாட்டில் மட்டுமே நடக்கக்கூடியது. அந்தப் படங்களை எடுத்தவர் ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்குப் போயிருக்கிறார். ஏப்ரல் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதிலும் ரோஜா பூத்திருக்கிறது.

ஆயினும் போகிறேன். ஆனால் என் முறைப்படி போவேன்: வார நாளில், மழையில், இலைகள் உதிர்ந்த பிறகு. நீ ஒரு கிராமத்தை ஜூனில் அல்ல, பிப்ரவரியில்தான் அதிக நாள் அனுபவிக்கப்போகிறாய். அந்த மாதம் இருபத்தெட்டு நாள் என்று சொன்னவன் கிராமத்தில் இருந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்குக் கம்பளி சுற்று.

ஹெஸ்டர்


குளோஸ்டர்,
17 அக்டோபர் 1974

அன்புள்ள மேவிஸுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன்னுடைய ஜூன் மாதத்துக்குப் போய்வந்தேன். லிட்டில் செர்ன்வெல் படத்தில் உள்ளபடியே இருக்கிறது. கூரை இருக்கிறது, ஓடை இருக்கிறது, வாத்துகூட இருக்கிறது. மனிதர்கள்தான் இல்லை.

நான் ஒரு தவறு செய்தேன். தேவாலயத்தில் ஒரு பழைய கல்வெட்டைப் படித்துக்கொண்டு நின்றதில் கடைசிப் பேருந்து போய்விட்டது. கடைசிப் பேருந்து என்றதும் இருட்டிய பிறகு என்று எண்ணாதே. அந்த ஊர்களில் கடைசிப் பேருந்து நாலு நாற்பதுக்கு. அதன் பிறகு யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மழை. கைத்தடி. எழுபத்துநாலு வயது. பதினோரு கதவுகளைத் தட்டினேன். ஒன்பது வீடுகள் பூட்டியிருந்தன; சனி ஞாயிறுக்கு மட்டும் லண்டனிலிருந்து வரும் உரிமையாளர்கள். பத்தாவது வீட்டில் திரைச்சீலை அசைந்தது; கதவு அசையவில்லை. பதினோராவது தேநீர்க் கடை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே பேசினாள்.

"மூடியாச்சுங்க."

"தெரிகிறது. பேருந்து போய்விட்டது."

"அடடா. நேரம் அந்தக் கம்பத்துல ஒட்டியிருக்கே, பார்க்கலீங்களா? பரவால்ல, டாக்ஸி நம்பர் எழுதித் தர்றேன். போன் பெட்டி அந்த முனையில இருக்கு. சில்லறை வச்சிருக்கீங்கல்ல? எங்கிட்ட கேக்காதீங்க, கல்லாவைக் கட்டிட்டேன்."

எண்ணை எழுதிய காகிதத்தைக் கதவின் கடிதத் துளை வழியாக வெளியே தள்ளினாள். கதவைத் திறக்கவே இல்லை.

டாக்ஸியில் வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு கிராமத்தைப் பற்றி அறிய வேண்டியது முழுவதையும் அந்த அரை மணி நேரத்தில் அறிந்துகொண்டேன். இனி எல்லா ஊர்களிலும் கடைசிப் பேருந்தைத் தவறவிடுவதாக இருக்கிறேன்.

மருத்துவமனையில் மார்பைப் படம் எடுத்தார்கள். ஆக, இந்த வாரம் இரண்டு படங்களைப் பார்த்தாயிற்று. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத செய்திகளைச் சொல்லின. பெரிதாக ஒன்றுமில்லை.

ஹெஸ்டர்


தெற்கு லண்டன்,
21 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. மார்புப் படத்தில் என்ன தெரிந்தது? 'பெரிதாக ஒன்றுமில்லை' என்றால் சிறிதாக என்ன? மறு அஞ்சலில் எழுது. உன் வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ள நீ மறுப்பது இதற்காகத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

மழையில் நின்று ஊரைச் சோதிக்க வேண்டாம். யாருமே கதவு திறக்காவிட்டால் என்ன செய்வாய்? ரோஜா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ நனையாதே.

புதிய கண்காணிப்பாளரின் மனைவி திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாள். "ஜன்னலுக்கு வெளிய இதுதான் தெரியுமா? நாள் பூரா?" என்றாள். "பழகிடும்மா. அவங்க சத்தம் போட மாட்டாங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லறைக்கு இடம் பார்க்க வருகிறவர்களுக்கு இத்தனை வருடம் நான்தான் தேநீர் கொடுத்தேன். வில்ஃபிரட் வரைபடத்தை விரிப்பார், நான் கோப்பையை நீட்டுவேன். பாதிப் பேர் கோப்பையைப் பிடித்துக்கொண்டுதான் பேசவே தொடங்குவார்கள். இவள் கொடுப்பாள் என்று தோன்றவில்லை.

வீடு எங்கே கிடைத்தாலும் கிழக்கு வெயில் படும் அறை உனக்கு. உன் புத்தகங்களுக்கு எத்தனை அடி சுவர் வேண்டும் என்று எழுது.

மேவிஸ்


குளோஸ்டர்,
19 நவம்பர் 1974

அன்புள்ள மேவிஸுக்கு,

பதில் தாமதமாயிற்று. காரணம் மழை. நலம் விசாரித்திருந்தாய், நன்றி.

ஏப்ரல் மாதத்துக்குப் போனேன். அப்பர் மார்லிங்கின் நுழைவாயிலில் ஒரு பெரிய பலகை: இந்த மாவட்டத்தில் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் கிராமம், மூன்று முறை பரிசு பெற்றது. புல்வெளி, தாடி மழித்த முகம்போல இருந்தது. திட்டமிட்டபடி நாலு நாற்பதைத் தவறவிட்டு, புல்வெளி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு சீமாட்டி குடையோடு ஓடிவந்தாள். ஆகா, இந்த ஊரில் இதயம் இருக்கிறது என்று எண்ணினேன்.

"மன்னிக்கணும், அந்த பெஞ்சு முடிசூட்டு விழா ஞாபகார்த்தம். போன வாரம்தான் வார்னிஷ் அடிச்சோம். ஈரத் துணியோட உட்கார்ந்தா வெள்ளை பூத்துடும்."

பேருந்தைத் தவறவிட்டதைச் சொன்னேன். உடனே தன் காரில் ஏற்றிக்கொண்டாள். இருக்கையில் முதலில் செய்தித்தாளை விரித்தாள். பிரதான சாலையில், பரிசுப் பலகைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, "இங்கேருந்து உங்களுக்கு ஈஸியா ஏதாவது கிடைக்கும்" என்று சொல்லிப் போனாள். ஊரிலிருந்து குப்பையை அகற்றுவதில் அவர்களுக்கு மூன்று பரிசுகளும் தகும்.

நல்லவேளையாக வேறு தடத்துப் பேருந்து ஒன்று வந்தது. அதில் ஏறித் தூங்கிவிட்டேன். சமீபமாக எதிர்பாராத இடங்களில் தூங்கிவிடுகிறேன். விழித்தபோது அது கடைசி நிறுத்தம். டன்ஸ்லேக் என்ற ஊர்.

உன் நாள்காட்டியில் அது இல்லை. இனியும் எந்த நாள்காட்டியிலும் வரப்போவதில்லை. ஒரு செங்கல் சூளை, சாம்பல் நிறக் குடியிருப்புகள் இரண்டு வரிசை, தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம், லாரிகள் நிற்கும் மதுக்கடை. அஞ்சலகமும் மளிகையும் ஒரே கடை. இறங்கியதும் கால் ஒத்துழைக்க மறுத்ததால் அந்தக் கடை வாசற்படியில் உட்கார்ந்தேன். இந்த முறை சோதனை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. கடைக்காரி, திருமதி டிரான்டர் என்று பெயர், எடையைப் போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏம்மா, இந்த மழையில தொப்பிகூட இல்லாம எவ வெளிய வருவா? எந்திரிங்க. எந்திரிக்க முடியலியா? டோரா, அந்தப் பக்கம் பிடி. பேரு என்ன உங்களுக்கு? சரி, சொல்ல வேணாம், முதல்ல மூச்சு விடுங்க."

அடுப்போரம் உட்காரவைத்து ஆட்டிறைச்சி சூப் கொடுத்தாள். அதில் உப்பு அதிகம், சொன்னேன். "குடிக்கத்தானே சொன்னேன், மார்க் போடவா சொன்னேன்?" என்றாள். பிறகு தீவன லாரிக்காரனைப் பிடித்து, "இந்த டீச்சரம்மாவை வீட்டு வாசல்ல இறக்கணும். பஸ் ஸ்டாண்டுல இல்ல, வாசல்ல" என்று ஏற்றிவிட்டாள். நான் ஆசிரியை என்று நான் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து என் கையுறை ஒன்று அஞ்சலில் வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?' இரண்டு முறை அந்த ஊருக்கு மறுபடி போய்வந்தேன்.

ஹெஸ்டர்


தெற்கு லண்டன்,
2 டிசம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மார்புப் படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறையைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

தகரக் கூரையும் செங்கல் சூளையுமா? வேண்டாம் அக்கா. அந்தக் கடைக்காரி நல்லவளாக இருக்கட்டும். சூப் கொடுத்தாள் என்பதற்காக ஒருத்தி தன் மீதி வாழ்க்கையைப் புகையில் கழிக்க வேண்டுமா? டிசம்பர் மாதம் சுவருக்கு வந்துவிட்டது. செயின்ட் ஆல்ட்ரிக். பனி மூடிய கூரை, மஞ்சள் வெளிச்சமுள்ள ஜன்னல்கள், தேவாலயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் கஞ்சி குடிக்கிறேன். தரகரிடம் கேட்டதில் அங்கே இரண்டு படுக்கையறை வீடு ஒன்று வாடகைக்கு இருக்கிறதாம். உனக்கும் எனக்கும் அளவெடுத்ததுபோல. நீ சரி என்று ஒரு வரி எழுதினால் ஏற்பாடு செய்துவிடுவேன்.

சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டேன். வில்ஃபிரட்டின் ரப்பர் காலணிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசலிலேயே நிற்கின்றன.

டாக்டர் என்ன சொன்னார்?

மேவிஸ்


குளோஸ்டர்,
11 ஜனவரி 1975

அன்புள்ள மேவிஸுக்கு,

பண்டிகைப் பொட்டலம் வந்தது. கேக் நன்றாக இருந்தது. கம்பளிச் சால்வை தேவைக்கு அதிகமாகவே பெரியது, பயன்படுகிறது. நீ நலம் என்று நம்புகிறேன். இதைத் தட்டச்சு செய்வது பேனாவில் மை தீர்ந்ததால்தான்.

உன் டிசம்பருக்குப் போனேன். அந்த மஞ்சள் வெளிச்சமுள்ள ஜன்னல்களில் இரண்டு ஓர் உணவு விடுதியினுடையவை, மூன்று ஒரு பரிசுப்பொருள் கடையினுடையவை. இரண்டும் ஜனவரி முதல் ஈஸ்டர் வரை மூடப்பட்டிருக்கும். ஒற்றையடிப் பாதை செங்குத்தான ஏற்றம், பாதியில் திரும்பிவிட்டேன். கடைசிப் பேருந்தைத் தவறவிட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. குளிர்காலத்தில் அங்கே பேருந்து வியாழக்கிழமை மட்டும்.

வாடகைக்குச் சம்மதம் தெரிவிக்காதே.

டன்ஸ்லேக்கில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரே படுக்கையறை. ஒருத்திக்குத் தாராளம். பேருந்து நிறுத்தம் வாசலிலிருந்து நாற்பது அடி, நடந்து பார்த்தேன். தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது, உறையாது. குளியலறைக்குப் படி ஏற வேண்டாம். உன் முழங்காலுக்கு நல்லது. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் ஜெபக்கூடத்துக்கு வருகிறார். எதிரே திருமதி டிரான்டரின் கடை. ஒன்பது மணிக்குள் உன் வாசலில் பால் புட்டி எடுக்கப்படாமல் இருந்தால் அவள் ஏப்ரனோடு வந்து கதவை இடிப்பாள். அவளிடம் இதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். புதன்கிழமை பெண்கள் சங்கம். பழப்பாகு கிளறுவதைப் பற்றி அங்கே நடக்கும் சண்டைகள் உனக்குப் பிடிக்கும்.

நான் இப்போதைக்குக் குளோஸ்டரிலேயே இருந்துகொள்கிறேன். புத்தகங்களை நகர்த்துவது பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். பிறகு பார்க்கலாம்.

வில்ஃபிரட்டின் காலணிகளைக் கொண்டுவா. சூளைப் பக்கம் சேறு அதிகம். நீயே போட்டுக்கொள்ளலாம்.

ஹெஸ்டர்


தெற்கு லண்டன்,
12 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடல்நலத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. உன்னுடையதைக் கேட்கப்போவதும் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் மழை அல்ல. போன செவ்வாய்க்கிழமை ரயில் ஏறி, பேருந்து மாறி, உன்னிடம் சொல்லாமல் டன்ஸ்லேக்குக்குப் போனேன். நீ எழுதியதைவிட அசிங்கமான ஊர். நாலு நாற்பது வரை சுற்றிவிட்டு, பேருந்து வரும்போது ஜெபக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அது போனதும் கடைக்குள் நுழைந்து, பேருந்தைத் தவறவிட்டேன் என்று சொன்னேன். திருமதி டிரான்டர் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த மூக்கை எங்கயோ பார்த்திருக்கேன். டீச்சரம்மா தங்கச்சியா நீங்க?"

ஆமாம் என்றேன்.

"உங்க குடும்பத்துல யாருக்குமே கடிகாரம் பார்க்கத் தெரியாதா?"

சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டேன். அவள் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதே சூப். உப்பு அதிகம்தான்.

"அவங்க இங்க வந்தா என்னைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டாங்க, தன்னைப் பத்தியும் பேச மாட்டாங்க. எல்லாம் கேள்விதான். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லேன்னா யாரு பாப்பா, தங்கச்சி தனியா உக்காந்திருந்தா யாரு கூப்பிடுவா. வேலைக்கு ஆள் எடுக்கற மாதிரி என்னைப் பேட்டி எடுத்தாங்கம்மா. கடைசியில எந்திரிக்கும்போது மேசையப் பிடிச்சுக்கிட்டு நாலு நிமிஷம் நின்னாங்க. நான் பாக்காத மாதிரி அரிசி அளந்தேன்."

அக்கா, நாற்பத்தொரு வருடம் நான் கல்லறைத் தோட்டத்து வாசலில் தேநீர் கொடுத்திருக்கிறேன். இடம் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வகை. இறந்துபோனவருக்காகப் பார்ப்பவர்கள் மரநிழல் கேட்பார்கள், நல்ல காட்சி கேட்பார்கள், பூச்செடி வைக்கலாமா என்பார்கள். தங்களுக்கே இடம் பார்க்க வந்தவர்கள் அது எதையும் கேட்க மாட்டார்கள். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், தண்ணீர்க் குழாய் எங்கே, வழியில் படி இருக்கிறதா, பிறகு பார்க்க வரப்போகிறவளால் நடக்க முடியுமா என்று கேட்பார்கள். தாங்கள் பின்னால் விட்டுச் செல்பவளைப் பற்றித்தான் அவர்கள் நினைப்பெல்லாம். உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் கை தானாகத் தேநீர்க் கெட்டிலுக்குப் போயிற்று.

எத்தனை நாள் என்கிறார் டாக்டர்?

ஒற்றை அறை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூளை மேற்பார்வையாளர் இருந்த வீடு காலியாக இருக்கிறது. இரண்டு படுக்கையறை. கீழ் அறை கிழக்குப் பார்த்தது. ஒரு சுவரில் ஈரம். மற்றொரு சுவரில் பதினான்கு அடிக்குப் புத்தகம் வைக்கலாம். வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன்.

மேவிஸ்


குளோஸ்டர்,
15 பிப்ரவரி 1975

அன்புள்ள மேவிஸுக்கு,

கோடை முடியும் வரை என்கிறார். டாக்டர்கள் தாராளமாகச் சொல்பவர்கள், நீ குறைத்துக்கொள்.

மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ வில்ஃபிரட்டைப் பதினொரு மாதம் பார்த்துக்கொண்டாய். அந்தப் பதினொரு மாதங்களில் இரண்டு முறை உன்னைப் பார்க்க வந்தேன். ஒருமுறை நீ படியில் உட்கார்ந்து, கையில் கிண்ணத்தோடு, கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். கிண்ணத்தை உன் கையிலிருந்து எடுத்தது நான்தான், உனக்கு நினைவிருக்காது. ஒருத்திக்கு அது ஒரு முறை போதும். இரண்டாவது முறையை ஒரு மருத்துவமனைக் கூடத்துக்கு விட்டுவிடுவதாக முடிவு செய்தேன். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், எட்டு மணி நேரத்தில் வீட்டுக்கும் போகிறார்கள்.

நீ ஒரு பிணியாளியின் வீட்டிலிருந்து இன்னொரு பிணியாளியின் வீட்டுக்குக் குடிபோகக் கூடாது. உனக்கு ஒரு ஊர் வேண்டும். ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாயிற்று. என் வேலை அத்தோடு முடிந்தது.

பெரிய வீட்டின் ஈரச் சுவர் உன் முழங்காலுக்கு ஆகாது. ஒற்றை அறை வீட்டை மறுபடி கேட்டுப் பார்.

ஹெஸ்டர்


தெற்கு லண்டன்,
18 பிப்ரவரி 1975

அக்கா,

கிண்ணத்தை நீ எடுத்தது நினைவிருக்கிறது. அன்று எடுக்க ஒரு ஆள் இருந்தது. அதனால்தான் மறுநாள் எழுந்தேன்.

இந்த முறை எதிர்க் கடையில் ஒருத்தி இருக்கிறாள். தீவன லாரிக்காரர் இருக்கிறார். கடையில் உதவிக்கு இருக்கும் டோரா என்ற அந்தப் பெண் இரவில் முறை வைத்து இருக்கிறேன் என்று தானாகவே சொன்னாள். நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று மாதம் அலைந்து நீ தேடிப் பிடித்த ஊர் அது. எனக்காகத் தேடியதாக நினைத்துக்கொண்டு தேடினாய்.

யார் கதவைத் திறக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக ஊர் ஊராக மழையில் நின்றாய். நான் திறந்துவிட்டேன். சோதனை போதும். உள்ளே வா.

மார்ச் பத்தாம் தேதியிலிருந்து அந்த வீட்டில் இருப்பேன்.

மேவிஸ்


குளோஸ்டர்,
14 மார்ச் 1975

அன்புள்ள மேவிஸுக்கு,

நலமில்லை. இதை எழுதுவது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருக்கிறது.

பதில் எழுத மூன்றரை வாரம் ஆயிற்று. அதில் பத்து நாள் படுக்கை, மீதி பிடிவாதம். புத்தகங்களைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். பதினான்கு அடி வேண்டாம், இரண்டடி போதும். மீதிச் சுவரில் உன் நாள்காட்டிப் படங்களை ஒட்டிக்கொள். ஏப்ரல் மட்டும் வேண்டாம். அந்தப் பெஞ்சைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

சில நிபந்தனைகள். பேருந்து நிறுத்தத்துக்கு யாரும் வரக் கூடாது. நாற்பது அடியை நானே நடப்பேன். எத்தனை நேரம் ஆனாலும் ஜன்னலில் நின்று பார்க்கக் கூடாது. என்னைத் தூக்கி உட்காரவைக்கும்போது வானிலையைப் பற்றிப் பேசக் கூடாது. திருமதி டிரான்டரிடம் சூப்பில் உப்பைக் குறைக்கச் சொல். சொன்னாலும் கேட்கமாட்டாள், நான் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

பின்குறிப்பு: இரண்டு பெட்டிகளை ஏற்றுவார்களா என்று கேட்கப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சீட்டுக் கொடுப்பவருக்கு இப்போது என்னைத் தெரியும். "டன்ஸ்லேக்தானேம்மா? போக வர, வழக்கம்போல?" என்று கிழிக்கப் போனார். போக மட்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வரிசை நிற்கிறது, சீக்கிரம் கொடுங்கள் என்றேன்.